காவலுக்கு உட்கார்ந்தவள்

பிப்ரவரி 3

எங்களிடம் சட்டை வாங்கும் ஹாலந்து பையர் புது வருடத்துக்கு அனுப்பிய டைரி ஒரு மாதமாக மேசை இழுப்பறையில் கிடந்தது. தாள் நன்றாக இருக்கிறது, ஆனால் அட்டை ஒரு பக்கம் கோணல். பாருங்கள், முதல் பத்தியிலேயே குறை சொல்லிவிட்டேன். கல்யாணமாகி இந்தத் திருப்பூருக்கு வந்த நாளிலிருந்து எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் நான்தான் பார்க்கிறேன். குழந்தைச் சட்டைகள் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். நூல், சாயம், பையர், பேங்க் எல்லாம் வீட்டுக்காரர் குழந்தைவேல் பொறுப்பு. பெட்டிக்குள் போகும் முன் ஒவ்வொரு சட்டையும் கடைசியாகத் தாண்ட வேண்டியது பூங்கொடியாகிய என் கண்ணைத்தான்.

எழுத உட்கார்ந்த காரணம் மிதுனா. எங்களுக்கு ஒரே மகள். கோயம்புத்தூர் பக்கம் ஒரு இன்டர்நேஷனல் ஸ்கூலில் பதினொன்றாவது படிக்கிறாள். அங்கே ஏ.பி. என்று ஒன்று இருக்கிறது. காலேஜ் தரத்துப் பாடத்தைப் பள்ளியிலேயே படித்து மே மாதம் பரீட்சை எழுத வேண்டும். மார்க் ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும்தான். கணக்கு எடுப்பாள் என்று பார்த்தால் ஆர்ட் ஹிஸ்டரி எடுத்திருக்கிறாள். உலகத்தில் உள்ள இருநூற்றைம்பது ஓவியம், சிலை, கோயில், பானை, துணி. எங்கே செய்தார்கள், எதில் செய்தார்கள், எதற்குச் செய்தார்கள் என்று அத்தனையும் தெரிந்திருக்க வேண்டும்.

பாடம் நடத்திய டீச்சர் கல்யாணமாகி கனடா போய்விட்டாராம். வெளியில் டியூஷன் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று இன்று பள்ளியிலிருந்து ஃபோன். முதல் டெஸ்டில் ஏற்கெனவே இரண்டுதான் வாங்கியிருக்கிறாள்.

இதையே மேலே, அதுவும் வெளிநாட்டில் போய்ப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு வீட்டுக்காரர் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். நாலு வாங்கினால் விண்ணப்பம் போடலாம். குறைந்தால் கோயம்புத்தூரிலேயே பி.பி.ஏ. படித்துவிட்டுக் கம்பெனிக்கு வந்துவிட வேண்டும். அவர் அப்படிச் சொல்லிவிட்டார், நான் என்ன செய்ய முடியும்.

பிப்ரவரி 9

டியூஷன் வாத்தியார் தேடுவது மாப்பிள்ளை தேடுவதைவிடக் கஷ்டம். கணக்குக்கும் கெமிஸ்ட்ரிக்கும் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஆர்ட் ஹிஸ்டரி என்றால், "டிராயிங் கிளாஸுங்களா?" என்கிறார்கள்.

கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு ஓவியக் கூடத்தில் வேலை பார்க்கும் ஒருவர் கிடைத்தார். பெயர் ஃபெலிக்ஸ், ஊர் பாண்டிச்சேரி. இதையே பரோடாவில் போய் எம்.ஏ. படித்தவர். சனி, ஞாயிறு வீட்டுக்கே வந்து நடத்துகிறேன் என்றார். எல்லாம் சரி, வயது இருபத்தேழு. பார்க்கவும் நன்றாக இருக்கிறார்.

வயசுப்பெண்ணையும் வயசுப்பையனையும் ஒரு அறையில் விட்டுவிட்டு நாம் ஊரில் தலைகாட்ட முடியுமா? யாராவது கூட உட்கார வேண்டும். வீட்டுக்காரருக்கு இந்த விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. மிதுனாவிடம் அப்படித்தான் சொன்னேன்.

"நான் காவலுக்கு ஒண்ணும் உக்காரல கண்ணு. அப்பா சொல்றாங்க, அதுக்குத்தான்."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு "ம்" என்றார். அவர் "ம்" என்றால் சம்மதம் என்று அர்த்தம்.

பிப்ரவரி 15

முதல் வகுப்பு. சும்மா உட்கார்ந்திருந்தால் உளவு பார்ப்பது தெரிந்துவிடும் என்று ஒரு முறம் சின்ன வெங்காயத்தோடு மூலையில் உட்கார்ந்தேன். ஃபெலிக்ஸ் ஒரு படத்தைத் திரையில் போட்டு, "ரெண்டு நிமிஷம் யாரும் பேசக் கூடாது. பாருங்க, அவ்ளோதான்" என்றார். யாரும் என்றது எனக்கும் சேர்த்துத்தான் போலிருக்கிறது.

ஒரு அறை. புருஷனும் பெண்சாதியும் கைபிடித்து நிற்கிறார்கள். நடுவில் ஒரு கண்ணாடி, காலடியில் ஒரு நாய்க்குட்டி. அந்த அம்மா போட்டிருக்கும் பச்சை அங்கிக்கு எத்தனை மீட்டர் பிடித்திருக்கும் என்று என் மனம் தானாகக் கணக்குப் போட்டது.

"அந்த அம்மா கர்ப்பமா இருக்காங்க" என்றாள் மிதுனா.

வாய் சும்மா இருக்கவில்லை. "வயிறெல்லாம் இல்ல. துணிய வாரி முன்னால புடிச்சிருக்கறா. மடிப்பு எங்கிருந்து கெளம்புதுன்னு பாரு."

மிதுனா முறைத்தாள். ஃபெலிக்ஸ் சிரித்தார். "மேடம் சொல்றதுதான் சரி. ரொம்பப் பேர் இதுல ஏமாந்துடுவாங்க."

எனக்கு இந்தப் படத்தோடு ஒன்றும் இல்லை. துணி என்பதால் சொன்னேன்.

பிப்ரவரி 16

இன்று எகிப்து. ஒரு வாரத்துக்கு வேண்டிய வெங்காயம் உரித்தாகிவிட்டது.

பிப்ரவரி 23

வெங்காயம் போதும் என்று சமையல்காரம்மா கும்பிடு போட்டுவிட்டதால் இன்று துவரங்காய். பாதியில் கை நின்றுவிட்டது. ஜப்பானில் ஒரு வெறும் கல் தோட்டம், வெள்ளைக் கூழாங்கல்லும் பதினைந்து பாறையும். எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் ஒரு பாறை மறைந்தே இருக்குமாம். யாருக்கு இந்த யோசனை தோன்றியதோ தெரியவில்லை.

மாலையில் மிதுனாவும் அவள் அப்பாவும் மொட்டைமாடியில் பேசிக்கொண்டிருந்தார்கள். துணி எடுக்க நான் மேலே போனதும் இரண்டு பேரும் நிறுத்திக்கொண்டார்கள். என்ன என்று கேட்டதற்கு, "சும்மாதாம்மா" என்றாள்.

மார்ச் 2

இன்று நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. சிரிப்பும் வருகிறது.

மிதுனா வீட்டில் ஒரு மாதிரிப் பரீட்சை எழுதினாள். பாரிஸில் உள்ள ஒரு கிரேக்கச் சிலை பற்றிக் கட்டுரை. இறக்கை விரித்துக் கப்பல் முனையில் வந்து இறங்கும் பெண். காற்றில் துணி உடம்போடு ஒட்டிப் பறக்கிறது, கல்லிலேயே. ஃபெலிக்ஸ் கட்டுரையை இரண்டு முறை படித்தார். பிறகு எனக்காகத் தமிழில் வாசித்துக் காட்டினார்.

"தலை இல்லை. இரண்டு கைகளும் இல்லை. வலது இறக்கை அசல் அல்ல, பிற்காலத்தில் ஒட்டப்பட்டது. அடிப்பாகத்தின் நிறமும் சிலையின் நிறமும் பொருந்தவில்லை."

எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. எல்லாம் உண்மைதானே.

"உண்மைதான் மேடம். ஆனா இது கட்டுரை இல்லை, ரிஜெக்ஷன் ரிப்போர்ட். எது இல்லைன்னு மட்டும் எழுதியிருக்கா. எது இருக்குன்னு ஒரு வரி கூட இல்லை." பழைய கட்டுரைகளையும் எடுத்துப் போட்டார். தாஜ்மகாலில் ஒரு கல்லறை மட்டும் நடுவில் இல்லை. ஒரு மாதா படத்தில் கழுத்து அளவுக்கு மீறி நீளம். "எல்லாத்துலயும் இவ கண்ணு நேரா குறைக்குத்தான் போகுது. எங்க கத்துக்கிட்டா இதை?"

நானும் மிதுனாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவளுக்கு நடை வந்ததே செக்கிங் டேபிள்களுக்கு நடுவில்தான். பென்சில் பிடிக்கும் முன்னே, பழுது இருக்கும் இடத்தைக் காட்டும் அம்பு ஸ்டிக்கர் ஒட்டத் தெரியும். பக்கத்து வீட்டுக் குழந்தையின் பிறந்த நாளுக்குப் போய், "இந்தப் பாப்பாவுக்கு ஒரு காது பெருசு" என்று சபையில் சொன்னவள்.

"வீட்டுல ஒரு வாரம் யாரும் எதுலயும் குறை சொல்லக் கூடாது" என்றார் ஃபெலிக்ஸ். "என்ன பாக்குறீங்களோ அதை மட்டும் சொல்லலாம். மிதுனாவுக்கு மட்டும் சொல்லலை மேடம்."

கம்பெனிக்கு மட்டும் விலக்கு வாங்கிக்கொண்டேன். இல்லாவிட்டால் பெட்டி மொத்தமும் ஹாலந்திலிருந்து திரும்பி வரும்.

மார்ச் 3

தோசை தீய்ந்திருந்தது. பார்த்தேன். சாப்பிட்டேன்.

மார்ச் 4

அவர் கேட்டார்: "ஏம்புள்ள, உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?"

"இல்லீங்."

"ரசத்துல உப்பே இல்ல, நீ ஒண்ணும் சொல்லல. நேத்து ஈரத் துண்டக் கட்டில் மேல போட்டுட்டேன், அதுக்கும் ஒண்ணும் சொல்லல."

"பாத்தனுங். பச்சைத் துண்டு. ஓரத்துல வெள்ளைக் கோடு."

என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார். மிதுனா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினாள்.

மார்ச் 6

குறை சொல்லக் கூடாது என்றால் வீட்டில் பேசவே விஷயம் இல்லை. இரண்டு நாள் ஊமையாக இருந்து பார்த்தேன், தாங்கவில்லை. இன்று அவர் பேப்பர் படிக்கும்போது எதிரில் உட்கார்ந்து பார்த்ததைச் சொன்னேன். காதோரம் நரைத்திருக்கிறது. நெற்றியில் மூன்று கோடு. படிக்கும்போது உதடு லேசாக அசைகிறது. இடது கன்னத்தில் ஒரு குழி விழுகிறது.

"கண்ணாலமாகி இத்தன வருசம் கழிச்சு இப்பத்தான் பாக்கறயாக்கும்" என்றார். பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். பேப்பர் தலைகீழாக இல்லை, ஆனால் அதற்கப்புறம் பக்கம் திருப்பவே இல்லை.

எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னது நல்லதுதான்.

மார்ச் 9

வாரம் முடிந்தது. மிதுனா அதே சிலைக்கு மறுபடி எழுதினாள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைத் துணியை வைத்தே ஒரு பக்கம் எழுதியிருந்தாள். ஃபெலிக்ஸ் தலையை ஆட்டிக்கொண்டே படித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, துவரங்காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு சட்டையைக் காட்டினார். பெரு நாட்டில் இன்கா ராஜா போட்டது. லாமா மாதிரி ஒரு மிருகத்தின் ரோமமும் பருத்தியும் கலந்து நெய்தது. உடம்பு முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள், கட்டத்துக்குக் கட்டம் வேறு வேறு கோலம். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்விட்டேன். பெரிதாக்கச் சொன்னேன். இன்னும் பெரிதாக்கச் சொன்னேன். ஐந்நூறு வருடத்துக்கு முன்னால், மெஷின் இல்லாமல். ஒரு இழை தப்பியிருக்குமா என்று தேடத்தான் போனேன். கொஞ்ச நேரத்தில் தேடுவதை மறந்துவிட்டேன்.

"இதையெல்லாம் நெய்யறதுக்குன்னே ஊர் ஊராப் போய்ப் பொண்ணுங்களைத் தேர்ந்தெடுப்பாங்க" என்றார் ஃபெலிக்ஸ். "வீட்டை விட்டுக் கூட்டிட்டுப் போய்த் தனி இடத்துல வச்சிடுவாங்க. ரொம்பக் கெட்டிக்காரப் பொண்ணுங்களா பாத்து."

"அவுங்கம்மா விட்டுட்டாங்களாக்கும்?" என்று கேட்டேன்.

"அது தெரியலைங்க மேடம். எங்கயும் எழுதி வைக்கலை."

திரும்பினால் மிதுனா திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 23

எதிர் வீட்டு வசந்தாமணியக்கா வந்து, அவர் தங்கை மகள் கல்யாணத்துக்கு மிதுனா மூன்று நாள் வந்து தங்கட்டும் என்றார். வகுப்பு இருக்கிறது. நேராகச் சொன்னால் அக்காவுக்கு வருத்தம். "எனக்கு அனுப்பணும்னுதான் இருக்குதுங்க்கா, அவுங்கதான் விட மாட்டேங்கறாங்க" என்றேன். உள்ளே ஷேவ் செய்துகொண்டிருந்தவர் சோப்பு முகத்தோடு எட்டிப் பார்த்தார்.

அக்கா போனதும், "நான் எப்ப புள்ள சொன்னேன்?" என்று கேட்டார்.

"சும்மா இருங். எல்லா வீட்லயும் அப்படித்தான் சொல்லுவாங்க."

அது என்னவோ உண்மைதான். வீட்டுக்காரர் பெயரைச் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். நமக்கும் பொல்லாப்பு இல்லை.

ஏப்ரல் 6

இப்போது மிதுனா படங்களையெல்லாம் அட்டைகளாக்கிக் கட்டி வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்கும்போது ஒரு கையால் அட்டையைக் காட்டுகிறேன், அவள் சொல்கிறாள். எண்ணெய்க் கறை படிந்துவிட்டது என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்று சொல்லத் தடுமாறிய இரண்டு மூன்றை நானே எடுத்துக் கொடுத்தேன்.

"அம்மா, உனக்குப் பாதி பாடம் மனப்பாடம் ஆயிருச்சு."

"காதுல விழுகறது மண்டையில நிக்குது. அதுக்கு நான் என்ன பண்றது."

"நீ ஏம்மா காலேஜ் போகல?"

"எங்கப்பா விடல கண்ணு. பன்னெண்டாவதுல நல்ல மார்க்குத்தான். கோபியில காலேஜ் சீட்டும் கெடச்சுது. அப்பா வேண்டாங்கறாங்கன்னு எங்கம்மா வந்து சொன்னாங்க. அதோட விட்டுட்டேன்."

"தாத்தா உங்கிட்டச் சொன்னாங்களா?"

"அவுங்க எங்கிட்ட எங்க பேசுவாங்க. அம்மாதான் சொல்லுவாங்க எல்லாமே."

அவள் அட்டைக் கட்டைத் தள்ளி வைத்தாள். கொஞ்ச நேரம் தலையை என் முழங்காலில் சாய்த்துக்கொண்டாள். எண்ணெய்ப் பிசுக்கு புடவையெல்லாம் ஒட்டிக்கொண்டது.

ஏப்ரல் 20

மிதுனா ஒரு காலேஜின் படங்களைக் காட்டினாள். ஸ்காட்லாந்து. பனி பெய்கிறது, கல் கட்டடம், பக்கத்திலேயே பெரிய மியூசியம். நாலு வருடப் படிப்பு. முதல் வருடம் அங்கேயே ஒரு அறை கொடுப்பார்களாம், சமையல் நாமே செய்துகொள்ள வேண்டுமாம். அவளுக்குச் சாதம் வடிக்கவும் தெரியாது.

நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். பிறகு தோட்டத்துக்குப் போய் ரொம்ப நேரம் செடிக்குத் தண்ணீர் விட்டேன். காலையில்தான் விட்டிருந்தேன்.

ஏப்ரல் 27

ஃபெலிக்ஸ் நம்பிக்கையாக இருக்கிறார். நாலு நிச்சயம், ஐந்து கூட வரலாம் என்கிறார். பாவம், காய்ச்சலோடு பஸ் ஏறி வந்திருந்தார். மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். மேடம் என்று கூப்பிட்டவர் கிளம்பும்போது, "வர்றேங்க்கா" என்றார். நானும் எப்போதோ சார் என்பதை விட்டுவிட்டுத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

ஐந்து கூட வரலாம் என்றதும் எனக்குச் சந்தோஷம்தான். ரசத்தில் பெருங்காயம் போட மறந்துபோயிற்று.

மே 9

பெங்களூரில் பரீட்சை. நேற்றே வந்து தங்கினோம். காலையில் அவளுக்குத் தலை பின்னிவிட்டேன். சின்னப் பிள்ளையில் பின்னியது, இப்போதெல்லாம் விடுவதில்லை. இன்று மட்டும் பேசாமல் வந்து முன்னால் உட்கார்ந்தாள்.

வெளியே ஒரு மரத்தடியில் அம்மாமார்கள் கூட்டம். ஒரு அம்மா என் மகள் என்ன பாடம் என்று கேட்டார். சொன்னேன். அதில் என்ன இருக்கிறது என்றார். இன்கா சட்டையில் ஆரம்பித்து ஜப்பான் தோட்டம் வரைக்கும் போய்விட்டேன். அந்த அம்மா தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

மிதுனா முகம் வெளுத்து வெளியே வந்தாள். கடைசிக் கேள்விக்கு நேரம் போதவில்லையாம், பாதியில் நின்றுவிட்டதாம். முந்தின கேள்விக்குக் கொடுத்திருந்த ஒரு பானைப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டாளாம்.

"நல்ல பானைம்மா. எழுதறதே மறந்துருச்சு."

திட்ட வேண்டும் என்று தோன்றவே இல்லை. இளநீர் வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 14

ஆர்டர் நெருக்கடி. சனிக்கிழமை மதியம் கை தானாக முறத்தைத் தேடுகிறது. வகுப்பு முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது.

ஜூலை 7

மூன்று.

காலையில் லேப்டாப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "மூணும்மா" என்றாள். எனக்கு முதலில் வருத்தம் வரவில்லை. மூச்சு வந்தது. இவள் இங்கேயே இருப்பாள் என்றுதான் மனது முதலில் சொன்னது. அதற்கப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை. லேப்டாப்பை மூடி, உறையில் போட்டு, ஜிப்பை இழுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஃபெலிக்ஸ் தம்பி ஃபோன் செய்து தன் மேல்தான் தப்பு என்றார். நேரம் பார்த்து எழுத அவர் பழக்கவில்லையாம். அப்படியெல்லாம் இல்லை தம்பி என்றேன்.

மதியச் சாப்பாட்டில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "மூணுன்னா பாஸுதான? அப்பறம் என்ன, அப்ளிகேஷன் போடட்டும்" என்றார்.

"நாலுன்னு சொல்லிப்போட்டு இப்ப மாத்துனா எப்படிங்?"

"நாலுன்னு யாரு சொன்னது?"

"நீங்கதான்."

சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். "நான் எப்ப புள்ள சொன்னேன்? தீவாளி அன்னிக்கு நீ வந்து, நாலு வந்தாத்தான் அனுப்போணும், இல்லாட்டி இங்கியே இருக்கட்டும்ன. நான் 'ம்'ன்னேன். அவ்வளவுதான். எனக்கு அவ போறதுல என்ன வந்துச்சு?"

மோர் ஊற்றப் போனவள் சட்டியோடு சமையலறையிலேயே நின்றுவிட்டேன். யோசித்துப் பார்த்தேன். "ம்" என்றுதான் சொன்னார்.

மிதுனாவிடம் போய்ச் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 8

எழுந்து வந்தால் சுடிதார் போட்டு, தலை வாரி, டிபன் பாக்ஸோடு மிதுனா வாசலில் நிற்கிறாள்.

"ஸ்கூல் தெறக்கற வரைக்கும் கம்பெனிக்கு வர்றேன்மா. நாலு வரல. அப்ப எப்படியும் கத்துக்கத்தானே வேணும்."

என் டேபிளுக்கு அடுத்த டேபிள் கொடுத்தேன். கை என்ன சுத்தம். கழுத்து, தோள், பட்டன், உள் தையல், ஓரம். மதியத்துக்குள் பழைய ஆட்களுக்குச் சமமாக முடித்துவிட்டாள். தையல் விட்ட இடம் ஒன்றைக்கூட விடவில்லை. ஓவர்லாக் மெஷினில் தைக்கும் பெண்கள் எல்லாம், "அம்மாவ உரிச்சு வச்சிருக்குதுங்க்கா" என்று கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்கள்.

நிமிர்ந்தால் என் மகள் பக்கத்தில் இருக்கிறாள். அவள் பிறந்ததிலிருந்து நான் ஆசைப்பட்டது இதுதான். சொல்ல வேண்டியதை இன்று சொல்லவில்லை.

ஜூலை 9

இன்றும் வந்தாள். இன்றும் சொல்லவில்லை.

ஜூலை 11

காலையில் புது லாட் வந்தது. கைக்குழந்தைச் சட்டை, வெளிர் மஞ்சள், மார்பில் சின்ன யானை. ரொம்ப அழகு. ஓவர்லாக் பெண்களே இரண்டு பேர் எடுத்து முகத்துக்கு நேராக வைத்துப் பார்த்துச் சிரித்தார்கள். மிதுனா ஒன்றை எடுத்தாள். கழுத்து, தோள், பட்டன், உள் தையல், ஓரம். வைத்தாள். அடுத்தது. யானையை அவள் பார்க்கவே இல்லை. பானையைப் பார்த்துக்கொண்டு பரீட்சையை மறந்தவள் என் டேபிளில் நாலு நாளாக எதையும் பார்க்கவில்லை.

டீ நேரத்தில் எல்லாரும் போனதும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். 

"கண்ணு, நாலுன்னு சொன்னது உங்கப்பா இல்ல. நாந்தான்."

"தெரியும்மா" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"பிப்ரவரியிலயே அப்பாகிட்டக் கேட்டுட்டேன். மொட்டைமாடில. 'நான் ஒண்ணும் சொல்லல சாமி, உங்கம்மாவுக்கு நீ போறது தாங்கல'ன்னாங்க."

"அப்பறம் ஏண்டி எங்கிட்டக் கேக்கல?"

"கேட்டா நீ அப்பா மேலதான் போடுவ." சட்டையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். "எனக்கும் நாலு வாங்கிட்டுப் போகணும்னு இருந்துச்சு. அப்ப நீ சரின்னு சொல்லித்தானே ஆகணும். வரல. உன்னை அழ வச்சுட்டு என்னால போக முடியாதும்மா. அதான் வந்துட்டேன்."

எனக்கு என் அப்பா முகம் நினைவுக்கு வந்தது. காலேஜ் விஷயத்தை அவரிடம் ஒரு முறை நேராகப் போய்க் கேட்டிருக்கலாம். இனி கேட்க முடியாது.

"அம்மிணி, இங்க பாரு. நீ போனா நான் அழுவேன். தெனமும் அழுவேன். அது என்ற பாடு, நீ அதைப் பாக்காத. போய் அப்ளிகேஷன் போடு."

"அப்பா..."

"அப்பா சொல்றாங்கன்னு சொல்லல. நான் சொல்றேன். போ."

அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, நாலு நாளாக வராத அழுகையை அழுதாள். நானும் அழுதேன். டீ முடித்துத் திரும்பிய பெண்கள் பதறிப்போய், என்னாச்சுங்க்கா, என்னாச்சுங்க்கா என்று சுற்றி நின்றுகொண்டார்கள். கண்ணில் பஞ்சு விழுந்துவிட்டது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

"என்ற மக சீமைக்குப் படிக்கப் போறா. எனக்கு அனுப்ப மனசில்ல. ஆனாலும் நாந்தான் அனுப்பறேன்" என்றேன்.

 ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மிதுனாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மீதி மஞ்சள் சட்டைகளை நானே பார்த்து முடித்தேன்.